கடல் கொண்ட நிலங்கள் – 7: மணலுக்கு அடியில் ஒரு காடு

1171-72 குளிர்காலம். வேல்ஸ் நாட்டின் தென்மேற்கே நியூகேல் கடற்கரையில் அடித்த புயல், கரை மணலை வாரிக்கொண்டு போனது. அடியிலிருந்து மரங்களின் அடிக்கட்டைகள் வெளிப்பட்டன. மண்ணும் கறுப்பு, மரமும் கருங்காலிபோல் கறுப்பு. கட்டைகளில் கோடாலி வெட்டுகள் நேற்று விழுந்தவைபோல் இருந்ததாக ஜெரால்ட் என்ற பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். நோவா காலத்துப் பெருவெள்ளமாக இருக்குமோ என்று யோசித்தவர், கடல் சிறுகச் சிறுகத் தின்ற காடு என்றும் சேர்த்தே சொன்னார். அந்தச் 'சிறுகச் சிறுக' என்னை வியக்கவைக்கிறது. அறிவியல் அதைத்தான் சொல்கிறது.

அதே வேல்ஸின் மேற்குக் கரையில், கார்டிகன் விரிகுடாவை ஒட்டி போர்த் என்ற சிற்றூர். 2014 தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்த புயல்கள் அங்கேயும் மணலை உரித்தன. கடல் வற்றும் நேரத்தில் பார்த்தால், ஓக், பைன், பிர்ச், ஆல்டர் மரங்களின் கட்டைகள் வேரோடு நின்ற இடத்திலேயே நிற்கின்றன. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பும் அதற்கு முன்பும் பட்டுப்போன மரங்கள் அவை.

இத்தனை காலம் உளுத்துப்போகாமல் எப்படி இருந்தன? பனியுகத்துக்குப் பின் கடல் மட்டம் உயர உயர, கரையோர நிலத்தடி நீரும் மேலேறியது. வேர் அழுகி மரங்கள் பட்டன. நாணலும் பாசியும் மண்டி, மட்கியும் மட்காமலும் பீட் என்னும் கரிச்சேறாகப் படிந்து, கட்டைகளைப் பொதிந்துகொண்டன. அந்தச் சேற்றுக்குள் காற்று புகாது. மரத்தை அரிக்கும் நுண்ணுயிர்கள் பிழைக்க வழியில்லை.

ஊர்க்கதை வேறு. கான்ட்ரெர் குவைலோட் என்ற செழிப்பான நாடு இங்கே இருந்ததாம். செய்தெனின் என்ற காவலன் குடித்துவிட்டு மதகை மூட மறக்க, ஒரே இரவில் கடல் உள்ளே புகுந்ததாம். 13-ஆம் நூற்றாண்டின் கார்மார்தென் கருப்பு நூலில் உள்ள பழைய பாடலோ மெரெரித் என்ற பெண்ணின் மேல் பழி போடுகிறது. யாராவது ஒருவர் தவறியிருக்க வேண்டும் என்று மனம் தேடுகிறது. மரங்களைக் கேட்டால், அப்படி ஓர் இரவே இல்லை. பல தலைமுறைகளாக நிலம் நனைந்துகொண்டே வந்தது.

அந்தத் தலைமுறைகள் கைகட்டி உட்கார்ந்திருக்கவும் இல்லை. 2012-இல் இதே கரிச்சேற்றில் ஒரு நடைபாதை தென்பட்டது. முளைகளை அடித்து, கிளைகளைப் பின்னிப் போட்டது. வயது 3,100 முதல் 4,000 ஆண்டுகள். மனிதர், விலங்குகளின் காலடித் தடங்களும் கிடைத்திருக்கின்றன.

எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. காடு வெளியே தெரியும் ஒவ்வொரு முறையும் அலை அதில் கொஞ்சத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறது. சேறு கரைந்தால் தடம் போயிற்று. மறுபடி மணல் வந்து மூடுவதற்குள் எதை அளந்து, படமெடுத்து வைக்கிறார்களோ அதுதான் மிச்சம். அடுத்த ஏற்றம் வருவதற்குள் ஆய்வாளர்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம்.

(தொடரும்)