உங்களுக்குத் தெரியுமா? டயருக்குள் ஒரு குட்டி ரேடியோ

புது டயர் போடப் போகும்போது, கழற்றி வைத்த ரிம்மை ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். வால்வின் அடியில், உள்பக்கமாக, தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி இருந்தால் அதுதான் டயர் பிரஷர் சென்சார். காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து ரேடியோ அலையில் காருக்குச் சொல்வது அதன் வேலை. அந்தப் பெட்டியை நீங்கள் கண்ணால் பார்க்க வாய்ப்பது அநேகமாக டயர் மாற்றும் அன்று மட்டும்தான்.

✦

அதன் பேட்டரியை மாற்ற முடியாது. தண்ணீரும் அதிர்வும் தாக்காதபடி பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். பேட்டரி தீர்ந்தால் சென்சாரையே தூக்கிப் போட வேண்டியதுதான். ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டு. அவ்வளவு நாள் தாங்குவதற்குக் காரணம், வண்டி நிற்கும்போது அது தூங்கிவிடுகிறது; சக்கரம் சுழலத் தொடங்கியதை உணர்ந்ததும் விழித்து, மறுபடி பேச ஆரம்பிக்கிறது.

✦

இனி ஒரு கணக்கு. டயர் நாலைந்து ஆண்டில் மாறும். சென்சார் அதைவிடச் சில ஆண்டு கூடுதலாக உழைக்கும். ஆகவே முதல் முறை டயர் மாற்றும்போது சென்சாரை விட்டுவிடலாம். இரண்டாம் முறை விடக் கூடாது என்பது என் கருத்து. எட்டு வயதான சென்சாரை அப்படியே வைத்துப் புது டயரைப் பூட்டினால், ஆறு மாதத்தில் அது கண்ணை மூடும்போது அதே டயரை மறுபடி கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும், பேலன்சிங் பார்க்க வேண்டும். கூலி இரண்டு முறை. நான்கும் ஒரே நாளில் பிறந்தவை. ஒன்று போனால் மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன என்று பொருள். ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு வருவது சிக்கனம் போலத் தெரியும். பெரும்பாலும் அது சிக்கனமில்லை.

✦

சென்சாரை மாற்றாவிட்டாலும் ஒவ்வொரு டயர் மாற்றத்திலும் மாற்ற வேண்டிய சில்லறைச் சாமான்கள் உண்டு: வால்வைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், இறுக்கும் நட், உள்ளே இருக்கும் பின், மூடி. ஒருமுறை நசுங்கி அமர்ந்த ரப்பர், பழைய இடத்தில் மறுபடி அதே போல் உட்காராது. காற்று மெல்லக் கசியும். இவற்றை ஒரே பொட்டலமாக, சர்வீஸ் கிட் என்று விற்கிறார்கள். சென்சாரின் விலையோடு ஒப்பிட்டால் மிக அற்பமான தொகை. கேட்டு வாங்கிப் போடுங்கள்.

✦

அந்தப் பின்னில் ஒரு நுட்பம் இருக்கிறது. உலோக வால்வு கொண்ட சென்சார்களில் வால்வுத் தண்டு அலுமினியம். சாதாரண வால்வுப் பின் பித்தளை. இரண்டும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும். உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்களில் இந்த அரிப்பு இன்னும் வேகம். அதனால்தான் இந்த வால்வுகளுக்கு நிக்கல் பூசிய பின்னைப் போடச் சொல்கிறார்கள். டப்பாவில் கைக்குக் கிடைத்த பழைய பின்னைத் திருகிவிட்டால், சில வருஷம் கழித்து அதைக் கழற்றவே முடியாது.

மூடிக்கும் இதே விதி. பளபளவென்று அழகுக்கு மாட்டும் உலோக மூடி அலுமினிய வால்வோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் காரில் அப்படித்தான் நடந்தது. இடுக்கி வைத்துத் திருகியபோது மூடி வரவில்லை, வால்வு முறிந்து கையோடு வந்தது. வாங்கும்போது கூட வந்த பிளாஸ்டிக் மூடியே போதும், அதுவே நல்லது.

✦

டயர் கழற்றும் மெஷினின் தட்டு வால்வுக்குப் பக்கத்தில் அழுத்தினால் சென்சார் நொறுங்கிவிடும். வால்வுக்கு எதிர்ப்புறமாக வைத்து அழுத்த வேண்டும். கடையில் இறங்கியதும் “அண்ணே, உள்ள சென்சார் இருக்கு, பாத்து” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

✦

டாஷ்போர்டில் உள்ள டயர் பிரஷர் விளக்கு பேசும் மொழி இரண்டு. குதிரை லாடம் போன்ற வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி விடாமல் எரிந்தால் காற்று குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரிந்தால் பல கார்களில் அதற்கு வேறு பொருள்: காற்றில் குறையில்லை, அமைப்பில்தான் கோளாறு. முதலாவதற்குக் காற்று அடிக்க வேண்டும், இரண்டாவதற்குச் சென்சாரைப் பார்க்க வேண்டும். மினுக்கலைக் கவனிக்காமல் காற்றை அடித்துக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

✦

மார்கழி விடியலில் மட்டும் விளக்கு எரிந்து, வெயில் ஏறியதும் அணைகிறதா? சென்சார் கெட்டுவிட்டதாக நினைத்து மாற்றிவிடாதீர்கள். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் கார் டயரில் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். ஏற்கெனவே குறைவாக இருந்த காற்று, குளிரில் எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

✦

எல்லாக் கார்களிலும் டயருக்குள் சென்சார் கிடையாது. சிலவற்றில் ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்கும் கருவியே இந்த வேலையையும் பார்க்கிறது. காற்று இறங்கிய டயரின் சுற்றளவு சற்றுக் குறையும். மற்ற மூன்றோடு ஈடுகொடுக்க அது கொஞ்சம் வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசத்தைக் கார் கணக்கிடுகிறது. இந்த வகையில் மாற்ற வேண்டிய சென்சார் எதுவும் டயருக்குள் இல்லை. ஆனால் புது டயர் போட்டதும் காற்றைச் சரியாக நிரப்பி, மெனுவில் போய் ரீசெட் கொடுக்க வேண்டும்.

வெளியே ரப்பர் வால்வு தெரிகிறதே, அப்படியானால் உள்ளே சென்சார் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ரப்பர் வால்வோடு வரும் சென்சார்களும் உண்டு.

✦

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சென்சார் வாங்கி வரச் சொல்கிறீர்களா? அங்கே பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் 433.92, நம் நாட்டுக் கார்களிலும் பெரும்பாலும் இதே அலைவரிசைதான். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், உங்கள் காரோடு பேசாது.

✦

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. புதிதைப் போட்டால் அந்த எண்ணைக் காருக்கு அறிமுகம் செய்ய வேண்டும். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓடினால் தானே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்குக் கருவி வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் பல மாடல்களில் ஒவ்வொரு சக்கரத்தையும் அடையாளம் கண்டதும் ஹாரன் ஒலித்துச் சொல்லும். பழைய சென்சாரின் எண்ணையே புதிதில் பதிந்து தருவதும் உண்டு. அப்போது காருக்கு மாற்றம் நடந்ததே தெரியாது.

✦

பயணிகள் காரில் டயர் பிரஷர் எச்சரிக்கை வசதியை முதலில் கொண்டுவந்தது 1986இன் போர்ஷே 959. சொகுசாக இருந்ததைச் சட்டமாக்கியது ஒரு துயரம். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே டயரின் மேல் தோல் பிரிந்துபோய், பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டயரில் காற்றுக் குறைவும் வெப்பமும் அந்த விவாதத்தின் நடுவே இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் டிரெட் சட்டம் வந்தது. 2008 மாடல் முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல்.

✦

அந்த அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 32 பிஎஸ்ஐ வேண்டிய டயரில் 24 வரை இறங்கினால்தான்! 26இல் விளக்கு எரியாமலே போகலாம். ஆனால் 26 போதாது. மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

✦

‘ஸ்டெப்னி’ என்ற சொல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரிலுள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904இல் அங்கேதான் இந்த உபரிச் சக்கரத்தைச் செய்யத் தொடங்கினார்கள். 2020 அக்டோபர் முதல் இந்தியாவில், டியூப்லெஸ் டயரும் பிரஷர் எச்சரிக்கை அமைப்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அப்படிப்பட்ட காரில் சென்சார் செத்துக் கிடந்தால், ஸ்டெப்னியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

✦

பஞ்சர் கிட்டில் வரும் பசையைச் செலுத்தினால் அது சென்சாரின் காற்றுத் துளையை அடைத்துவிடக்கூடும். பசை போட்டதைக் கடையில் மறைக்காமல் சொல்லுங்கள். துடைத்துப் பார்த்து, தேறாவிட்டால் மாற்றுவார்கள்.

✦

கழற்றிய பழைய சென்சாருக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.