ஒரே கணிப்பொறி, இரண்டு திரைகள்

மறைக்கல்வி ஆண்டுவிழா, திருமண வெள்ளிவிழா, இறந்தோர் நினைவுக் கூட்டம் என எதுவாயினும், பங்கு மன்றத்தின் வெண்திரையில் படங்களையும் பாடல் வரிகளையும் காட்டுவது இன்று பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பார்வை மங்கிய முதியோரும் நிமிர்ந்து நின்று பாட இஃது உதவுகின்றது. ஆயினும், கணிப்பொறியை இயக்குபவர் காண்பதையே மக்களும் காண்பார்களாயின் சங்கடங்கள் நேரும். மறைந்த தந்தையின் படத்தைக் குடும்பத்தார் கண்ணீருடன் நோக்கும் வேளையில், யாரோ அனுப்பிய தனிப்பட்ட செய்தியொன்று அதன்மேல் தோன்றினால் எவ்வளவு வேதனை!

இதனைத் தவிர்க்க, இயக்குபவருக்கு ஒரு மானிட்டர், மக்களுக்கு ஒரு புரொஜெக்டர் என இரண்டையும் ஒரே கணிப்பொறியில் இணைத்தல் வேண்டும்.

இணைப்பு முறை

முதலில் கணிப்பொறியின் பின்புறத்தை நோக்குக. 15 ஊசிகள் செருகும் துளை வி.ஜி.ஏ. எனப்படும், 1987ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. இது படத்தை மட்டுமே கடத்தும். ஒலிக்குத் தனிக் கம்பி தேவை. தட்டையான எச்.டி.எம்.ஐ. துளையோ படத்தையும் ஒலியையும் ஒருங்கே கடத்தும். இவ்விரண்டும் இருப்பின், ஒன்றில் மானிட்டரையும் மற்றதில் புரொஜெக்டரையும் இணைக்கலாம். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு பொருத்தப்பட்டிருந்தால் இரு கம்பிகளையும் அதிலேயே செருகுவது நன்று.

எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து பழைய வி.ஜி.ஏ. புரொஜெக்டருக்குச் செல்ல வெறும் கம்பி போதாது. குறிகையை மாற்றித்தரும் கன்வெர்ட்டர் வேண்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்பிளிட்டர் ஒரே படத்தையே இரு திரைகளுக்கும் அனுப்பும். வெவ்வேறு காட்சிகளை விரும்புவோர்க்கு அது பயன்படாது.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

விண்டோஸ் கணிப்பொறியில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் தோன்றும். அவற்றுள் 'டூப்ளிகேட்' என்பது இரு திரைகளிலும் ஒரே காட்சியைத் தரும். 'எக்ஸ்டெண்ட்' என்பதே நமக்கு உகந்தது. அப்போது வெண்திரை, மானிட்டரின் தொடர்ச்சியான மற்றொரு மேசைபோல் ஆகிவிடும். பவர்பாயிண்டில் 'பிரசண்டர் வியூ' முறையைத் தேர்ந்தால், மக்கள் பாடல் வரிகளை மட்டுமே காண்பர். இயக்குபவரோ அடுத்து வரும் பக்கத்தையும் தம் குறிப்புகளையும் தம்முன் காண்பார்.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பழைய புரொஜெக்டர்கள் பலவற்றின் அளவு 1024 x 768 புள்ளிகள். இக்கால மானிட்டர்கள் பலவற்றிற்கு 1920 x 1080. ஒரே காட்சியை இரண்டிலும் காட்டும்போது ஒன்றில் எழுத்துகள் மங்கக்கூடும். 'எக்ஸ்டெண்ட்' முறையில் ஒவ்வொரு திரையும் தன் அளவிலேயே இயங்கும்.

மறவாமல் மானிட்டரையே முதன்மைத் திரையாக அமைத்து, செய்தி அறிவிப்புகளையும் நிறுத்திவிடுக.

சில எச்சரிக்கைகள்

மக்கள் கூடுமுன்னரே அனைத்தையும் ஒருமுறை இயக்கிப் பார்த்தல் வேண்டும். நடைபாதையில் செல்லும் கம்பிகளைச் சிறுவர் இடறாவண்ணம் ஒட்டி மூடுதல் நலம். விளக்குள்ள புரொஜெக்டரை அணைத்தபின், உள்விசிறி நின்று சூடு தணியும்வரை மின்இணைப்பை எடுத்தலாகாது.

இவ்வாறு ஆயத்தம் செய்துவிட்டால், நினைவுக்கூட்டத்திற்கு வந்தோரின் கண்ணும் மனமும் கருவியின்பால் திரும்பாது, அன்புக்குரியவரின் முகத்திலேயே நிலைத்திருக்கும்.