அஸ்கிரிய மோப்பநாய்களும் அவற்றின் கையாளுநர்களும்

கண்டி அஸ்கிரியவில் தலைமையகத்தைக் கொண்டுள்ள இலங்கைப் பொலிஸ் மோப்பநாய்ப் பிரிவு, நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. குற்றவாளியின் தடத்தைத் தொடர்வதும் போதைப்பொருளையும் வெடிபொருளையும் தேடிக் காண்பதும் அதன் தலையாய பணிகள். இப்பணியின் வெற்றியை மக்கள் நாயின் மூக்குக்கே உரியதாக்குவர். ஆயினும் அந்த மூக்கு அறிந்ததை மனிதர் அறியும்படி செய்பவர், நாயைப் பராமரித்துப் பயிற்றி, கயிற்றின் மறுமுனையைப் பிடித்து நடக்கும் கையாளுநரே ஆவார்.

மனித மூக்கில் ஏறத்தாழ 50 இலட்சம் மணமுணர் கலங்கள் இருக்க, நாயின் மூக்கில் அதன் இனத்துக்கேற்பப் பன்னிரண்டரைக் கோடி முதல் 30 கோடி வரை உள்ளன. வெளிவிடும் மூச்சு நாசித் துளைகளின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே பின்னோக்கிச் செல்வதால், உள்ளே வரும் மணத்தை அது கலைப்பதில்லை. நடந்து செல்லும் மனிதரிடமிருந்து உதிரும் தோல் துகள்களின் வாடையும், காலடியில் நசுங்கிய புல், கிளறுண்ட மண் ஆகியவற்றின் வாடையும் சேர்ந்ததே நாய் பின்தொடரும் ‘தடம்’. ஈரப்பதமுள்ள மண்ணில் இத்தடம் நெடுநேரம் தங்கும். கடும் வெயிலும் காற்றும் அதைக் குலைத்துவிடும், பெருமழை கழுவிச் சென்றுவிடும். உடல் முழுவதும் வியர்க்காத நாய், நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே வெப்பத்தைத் தணிப்பதாலும், இரைக்கும் நாயால் செவ்வனே மோப்பம் பிடிக்க இயலாது என்பதாலும், எப்போது தேடுவது, எப்போது தண்ணீர் கொடுத்து நிழலில் நிறுத்துவது என்று தீர்மானிப்பது கையாளுநரின் பொறுப்பாகிறது.

போதைப்பொருளைத் தேடும் நாய் அதற்கு அடிமையாக்கப்பட்டிருக்கிறது என்பது பரவலான தவறான நம்பிக்கை. குறிப்பிட்ட மணத்தைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், விளையாட்டு கிடைக்கும் என்பதையே நாய் கற்றுக்கொள்கிறது. தேடுதல் அதற்கு விளையாட்டின் தொடக்கமே. வெடிபொருளைக் கண்ட நாய் அதைத் தொடாமலும் கீறாமலும் அசையாது அமர்ந்துவிடப் பழக்கப்படுகிறது. ஒரே நாயை இரண்டுக்கும் பழக்கினால், அது காட்டுவது கஞ்சாவையா குண்டையா என்று கையாளுநரால் பிரித்தறிய முடியாது. அதனால் இவ்விரு பணிகளுக்கும் வெவ்வேறு நாய்களைப் பழக்குவதே வழக்கம்.

நாய்க்கும் கையாளுநருக்கும் இடையிலான இணைப்பில் ஒரு பலவீனமும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 18 நாய்–கையாளுநர் இணைகள் எந்தப் போதைப்பொருளோ வெடிபொருளோ இல்லாத அறைகளைச் சோதித்தன. அங்கே அவை இருக்கக்கூடும் என்று கையாளுநர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டிருந்தது. நடந்த 144 தேடல்களில் 21 மட்டுமே பொய்க் குறிப்பு இன்றி முடிந்தன. கையாளுநரின் எதிர்பார்ப்பே முடிவைத் திரித்துவிடக்கூடும் என்பதை இது காட்டிற்று. நாயைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது என்னும் குறையை எடுத்துக்காட்டி, மோப்பநாயின் சான்றுக்கு அதிக எடை தர இந்திய உச்ச நீதிமன்றம் 1969இல் மறுத்ததும் இங்கே நினைக்கத்தக்கது. மோப்பநாய் விசாரணைக்கு வழி காட்டலாம். அது மட்டுமே ஒருவரைக் குற்றவாளியாக்கப் போதாது.

1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகைமீது லொறிக் குண்டுத் தாக்குதல் நிகழ்ந்த கண்டியில், வெடிபொருள் தேடும் நாயின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கு நடக்கும் எசல பெரஹரா ஊர்வல இரவுகளில் கொப்பரைத் தீப்பந்தங்களின் புகையும் யானைகளின் வாடையும் பெருங்கூட்டத்தின் இரைச்சலும் சூழ்ந்திருக்க, ஒரே மணத்தில் கவனத்தை நிறுத்துவது நாய்க்கு எளிதன்று. ஆகவே வீதியில் பணியிலிருக்கும் மோப்பநாயைக் காண்போர், அதைக் கூப்பிடவோ, தடவவோ, தின்பண்டம் நீட்டவோ கூடாது. விலகி வழிவிட வேண்டும்.