தூரமும் நேரமும்

ஓர் ஊருக்குப் புறப்படும்போது, "எவ்வளவு தூரம்?" என்றும் "எவ்வளவு நேரமாகும்?" என்றும் நாம் கேட்கிறோம். இவ்விரண்டும் தொடர்புடையவை, ஆயினும் ஒன்றல்ல. இதனை நம் நாட்டின் சரவாக் மாநிலத்திலுள்ள மருடி, பாரியோ என்னும் இரு சிறிய விமான நிலையங்களைக் கொண்டு அறிவோம்.

மருடி, பாராம் ஆற்றங்கரையில் அமைந்த சிறு பட்டணம். பாரியோ, இந்தோனேசிய எல்லையை ஒட்டிய மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே கெலாபிட் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் விளைவிக்கும் பாரியோ அரிசி பெரும் புகழ் வாய்ந்தது.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வரும். இதுவே வான்வழித் தூரம். இத்தகைய ஊர்களுக்கு டுவின் ஒட்டர் என்னும் சிறிய விமானம் ஏற்றது. கனடா நாட்டில் உருவாகி, 1965ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த இதில் 19 பயணிகள் வரை அமரலாம். குறுகிய ஓடுபாதையே இதற்குப் போதுமானது.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று கணிதப் பாடத்தில் கற்றிருக்கிறோம். விமானம் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொண்டால், பயணம் ஏறத்தாழ 30 நிமிடமாகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினாலோ 34 நிமிடமாகும். அதே காற்று பின்னிருந்து வீசினால் 27 நிமிடம் போதும். மேலெழும்பவும், மலைகளைக் கடந்து வளைந்து தரையிறங்கவும் வேண்டியிருப்பதால் இன்னும் சில நிமிடங்கள் கூடும்.

விமானம் சிறியதாதலால், பயணப் பெட்டிகளோடு பயணிகளையும் நிறுத்துப் பார்த்தே ஏற்றுவர். பிற்பகலில் மேகங்கள் மலைகளை மூடிக்கொள்ளும் என்பதால் பெரும்பாலும் முற்பகலிலேயே பறப்பர். மேகம் விலகாவிடில் பயணிகள் காத்திருக்கத்தான் வேண்டும். அப்பொழுது அரைமணிப் பயணம் ஒரு நாளாக நீண்டுவிடும்.

தரைவழியோ மிகவும் கடினமானது. கடற்கரை நகரமான மிரியிலிருந்து காட்டு மண்சாலையில் பாரியோ சென்றடைய ஏறத்தாழ 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். மழை பெய்து சேறானால் வண்டி நடுவழியில் நின்றுவிடுவதும் உண்டு.

ஆகவே, அம்மலைவாழ் மக்களுக்கு விமானம் ஓர் ஆடம்பரப் பொருளன்று. நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பதும், மருந்தையும் தபாலையும் கொண்டு வருவதும், வெளியூரில் பயிலும் பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்ப்பதும் அதுவே. நோயுற்ற ஒருவருக்கு அரைமணிக்கும் 12 மணிக்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் இழப்பிற்கும் உள்ள வேறுபாடாகவும் அமையலாம்.

மாணவ நண்பர்களே! தூரத்தை வரைபடம் காட்டும். நேரத்தையோ காற்றும் மேகமும் மலையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. பள்ளியும் மருத்துவமனையும் அருகிலேயே அமையப்பெற்ற நாம், அந்த நற்பேற்றை உணர்ந்து பயன்படுத்துவோமாக!