பாம்பைப் பற்றும் சிற்றுண்ணி

புதிதாக வாங்கப்பட்ட வளர்ப்புப் பாம்பின் கண்ணோரத்திலும் தாடை மடிப்பிலும் மிளகுத் தூள் அளவில் கரும்புள்ளிகள் தென்பட்டு, அவை மெல்ல நகரவும் செய்தால், அதைப் பாம்புச் சிற்றுண்ணியின் தாக்குதல் என்றே கொள்ள வேண்டும். ஓஃபியோநிஸஸ் நாட்ரிசிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். கோழிக்கூண்டுகளில் பெருகிக் கோழியின் குருதியை உறிஞ்சும் சிலவகைக் கோழிச் சிற்றுண்ணிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், கோழி வளர்க்கும் பெரியகுளம் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இதன் போக்கு முற்றிலும் புதியதாக இராது.

தோப்பில் காணப்படும் சாரையின் செதில்களுக்கிடையே ஒட்டியிருக்கும் உண்ணி வேறு, இச்சிற்றுண்ணி வேறு. உண்ணி உருவில் பெரியது. ஒரே இடத்தில் நாள்கணக்கில் பற்றிக்கொண்டிருக்கும். இடுக்கியால் பிடுங்கவும் முடியும். சிற்றுண்ணியோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவே உள்ளது. குருதி குடித்தபின் பாம்பை விட்டிறங்கிக் கூண்டின் விரிசல்களிலும் மரத்துண்டுகளின் அடியிலும் முட்டையிடுவது. ஒரு பெண் சிற்றுண்ணி தன் வாழ்நாளில் 60 முதல் 80 முட்டைகள் வரை இடக்கூடும் என்பதும், ஆணோடு சேராமலே இடப்பட்ட முட்டைகளும் பொரித்து ஆண்களாக வளரும் என்பதும், தப்பிய ஒன்றிரண்டு உயிரிகளிலிருந்தே ஒரு கூட்டம் மீண்டும் எவ்வாறு உருவாகிறது என்பதை விளக்குகின்றன.

முட்டை, இளவுயிரி, முதல் அணங்கு, இரண்டாம் அணங்கு, முதிர்நிலை என ஐந்து பருவங்களைக் கொண்ட இதன் வாழ்க்கைச் சுழற்சி, சுமார் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 13 முதல் 19 நாட்களில் நிறைவுறுகிறது. அணங்கு என்பது இளவுயிரிக்கும் முதிர்நிலைக்கும் இடைப்பட்ட வளர்பருவம். இவற்றுள் முதல் அணங்கும் முதிர்ந்த உயிரியும் மட்டுமே குருதி குடிக்கின்றன. ஏனைய பருவங்கள் பாம்பின்மீது இருக்க வேண்டிய தேவையே இல்லாதவை. ஆகவே பாம்பின் உடலை மட்டும் கழுவித் துடைத்துவிட்டு நோய் தீர்ந்ததாகக் கருதுவோர், கூண்டில் பதுங்கியிருக்கும் பெரும்பகுதியைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். முட்டைகள் காய்ந்த காற்றில் உலர்ந்து அழிவது உண்மைதான் என்றாலும், கோடையில் பெரியகுளம் எவ்வளவு வறண்டாலும் தண்ணீர்த் தொட்டி வைத்து மூடிய கூண்டுக்குள் ஈரப்பதம் நீடிப்பதால், வெயிலை நம்பிக் காத்திருப்பது பயன் தராது.

அறிகுறிகள் எளியவை: பாம்பு வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்கும், தொட்டியின் அடியில் இறந்த சிற்றுண்ணிகள் படியும், செதில்கள்மீது அவற்றின் கழிவு வெண்பொடியாகத் தெரியும். கவனிக்காமல் விட்டால் இளம்பாம்புகளுக்குக் குருதிச்சோகை உண்டாகும். தோலுரிப்பு தடைப்பட்டுக் கண்மூடிச் செதில் உரியாமல் தங்கிவிடும். ஏரோமோனாஸ் என்னும் குருதி நச்சேற்ற நோய்க் கிருமியைச் சிற்றுண்ணிகள் ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவதை அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் கேமின் 1948-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். எனவே இது வெறும் தோல் அரிப்புத் தொல்லையன்று.

மருத்துவத்தில் முதல் இடம் தனிமைப்படுத்தலுக்கே உரியது. புதிய பாம்பை, நோய் அறிகுறி இல்லாவிடினும், பிற பாம்புகள் இல்லாத தனி அறையில் மூன்று மாதங்கள் வைத்திருப்பதே முறை. கூண்டிலுள்ள மண், மரப்பட்டை, கிளை ஆகியவற்றை அகற்றி எறிந்துவிட்டு, வெந்நீரால் மூலைமுடுக்கெல்லாம் கழுவி, அடியில் வெள்ளைத் தாளை மட்டும் விரிக்க வேண்டும். கரும்புள்ளி ஒன்று நகர்ந்தாலும் அதில் தெரிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பாம்பை ஊறவைப்பது பல சிற்றுண்ணிகளை மூழ்கடிக்கும் என்றாலும், எஞ்சியவை நீருக்கு மேலுள்ள தலையை நோக்கி ஏறிவிடுகின்றன. ஒரு சுழற்சி முடிந்து அடுத்த தலைமுறை வெளிப்படும் காலத்தையும் உட்படுத்தி, சில வாரங்கள் திரும்பத் திரும்பச் செய்யப்படும் மருத்துவமே பலன் தரும்.

மருந்தில்தான் பேராபத்து உள்ளது. திராட்சையும் மாவும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் பூச்சிமருந்து இல்லாத விவசாய வீடு அரிது. அதில் சிறிதளவைக் கலந்து தெளித்தால் போதும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் டைமெத்தோயேட் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்கும் அதே வழியிலேயே பாம்பின் நரம்பையும் தாக்குபவை. முன்பு மேலைநாடுகளில் பாம்பு அறைகளில் தொங்கவிடப்பட்ட பட்டைகளில் ஊறியிருந்த டைக்ளோர்வாஸ், இந்தியாவில் 2020 இறுதியோடு தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆடுமாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசிமருந்தைப் பாம்புக்குப் பயன்படுத்துவதும் சிக்கலானது. பாம்புக்கு வழக்கமாகக் கணக்கிடப்படும் அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதன்படி 200 கிராம் எடையுள்ள குட்டிக்கு, ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் கொண்ட மருந்தில் 0.004 மில்லிலிட்டர் போதும். வீட்டிலுள்ள ஊசிக்குழலால் அதை அளக்கவே இயலாது. ஆமைகளுக்கோ இம்மருந்து உயிர்க்கொல்லி. எடையறிந்து நீர்த்துத் தருவது கால்நடை மருத்துவரின் பணி; தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குவதால் அங்கு வழி கேட்பது தகும்.

எந்தப் பாம்பை வளர்க்கலாம் என்பதும் இதனோடு பிரிக்க முடியாதது. சாரை, நல்லபாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு என இம்மண்ணின் பாம்புகளைப் பிடித்து வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனங்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்திருத்தத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகின்றன. அவற்றைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் பிடிபட்டன. அவ்வாறு நெருக்கி அடைத்துக் கொண்டுவரப்படும் விலங்குகளிடையே ஓர் ஒட்டுண்ணி பரவ ஒரே பயணம் போதும். ஆவணமற்ற பாம்பை வாங்குவோர் சட்டச் சிக்கலோடு நோயையும் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

வளர்க்க இயலாதவர் செய்யக்கூடாத ஒன்று உண்டு: பாம்பைக் காட்டில் விடுவது. ஆசியாவிலிருந்து ஃபுளோரிடாவுக்குச் சென்ற பர்மிய மலைப்பாம்புகளோடு போன நுரையீரல் ஒட்டுண்ணி ஒன்று, இன்று அம்மண்ணின் சொந்தப் பாம்புகளின் நுரையீரலில் வாழ்கிறது. கும்பக்கரை அடிவாரத்துக்கோ வராக நதிக்கரைக்கோ அத்தகைய நிலை நேரலாகாது. ஆதலால் நோயுற்ற பாம்பையோ வேண்டாத பாம்பையோ காட்டில் விட்டுவிடாமல், வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.