புரதம் தொடுக்கும் ரிபோசோம்

உயிரணுவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் கலைத்துறை நண்பர்கள் உட்கருவோடு நின்றுவிடுகிறார்கள். பரம்பரைப் பண்புகளின் ஏடு அங்கே இருப்பது மெய்யே. ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஏட்டில் உள்ளபடி புரதத்தைச் செய்து தருவது ரிபோசோம் என்னும் நுண்துகளே.

1955-இல் ஜார்ஜ் பலாடே இத்துகள்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். பாக்டீரியாவின் ரிபோசோம் ஏறத்தாழ 20 நானோமீட்டர் குறுக்களவுள்ளது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 50,000 ரிபோசோம்களை வரிசையாக நிறுத்திவிடலாம்!

இதற்குச் சிறியதும் பெரியதுமாக இரு பகுதிகள் உண்டு. ஏட்டிலிருந்து படியெடுத்த தூது ஆர்.என்.ஏ. இழை சிறிய பகுதியின் ஊடே நகர்கிறது. அதிலுள்ள செய்தி மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது. அதற்கேற்ற அமினோ அமிலத்தை வேறொரு சிறு ஆர்.என்.ஏ. சுமந்து வருகிறது. வந்தது சரியான சரக்குதானா என்று சிறிய பகுதி சோதிக்கிறது. முன் வந்தவற்றோடு அதைப் பெரிய பகுதி பிணைக்கிறது. பூக்காரர் பூவைப் பார்த்தெடுத்து நாரில் முடிவது போலத்தான். ஆனால் பாக்டீரியாவில் வினாடிக்கு 15 முதல் 20 பூ வரை!

முடிச்சிடும் கை யாருடையது? புரதத்தினுடையது என்றே பலர் நெடுங்காலம் எண்ணினர். 2000-இல் ரிபோசோமின் அமைப்பு அணு அணுவாக வெளிப்பட்டபோது, முடிச்சு விழும் இடத்தருகே புரதமே காணப்படவில்லை, இருந்தது ஆர்.என்.ஏ. மட்டுமே. புரதத்தைத் தொடுப்பது புரதம் அன்று! இத்துறையில் இதைவிட வியப்பான செய்தியை நான் படித்ததில்லை. ரிபோசோம் ஆராய்ச்சிக்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்கள் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத், வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் ஆகிய மூவர். ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்து, பரோடாவில் பட்டம் பெற்றவர். அவர் படித்தது இயற்பியல். இயற்பியல் மாணவர்கள் கவனிக்க!

நமக்கு இதனால் ஆவது என்ன என்பீர்கள். பாக்டீரியாவின் ரிபோசோமுக்கும் நம்முடையதற்கும் சிறு வேறுபாடுகள் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியா ரிபோசோமின் சிறிய பகுதியைப் பற்றிக்கொண்டு, செய்தியைத் தவறாகப் படிக்க வைக்கிறது. அசித்ரோமைசின், புதுப்புரதம் வெளிவரும் குகைவழியை அடைக்கிறது. கிருமி மாள்வதும் நோயாளி பிழைப்பதும் அச்சிறு வேறுபாட்டால்தான். ஆனால் ரிபோசோமின் ஆர்.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினாலே சில கிருமிகள் மருந்துக்குத் தப்பிவிடும்.

சளிக்காய்ச்சல் வைரசுக்கோ சொந்த ரிபோசோமே கிடையாது. நம்முடையதைக் கொண்டே தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது. அதற்காக மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி அசித்ரோமைசின் விழுங்கினால், வைரசுக்கு ஒன்றும் நேராது. நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில், மருந்துக்குத் தப்பத் தெரிந்தவையே மிஞ்சிப் பெருகும்.