பல்பு எரிந்தால் குதிரைக்குக் கோடை! தெரியுமா?

ஒரே ஒரு பல்பை வைத்து ஒரு குதிரையை மாதக்கணக்கில் ஏமாற்றலாம், தெரியுமா?

குளிர்நாட்டுக் குதிரைகளுக்குக் குளிர்காலம் நெருங்கினால் உடம்பெல்லாம் கம்பளி போல மயிர் அடர்ந்துவிடும். குளிர் அடிப்பதால்தான் முளைக்கிறது என்று நினைப்போம். அதைவிடப் பெரிய காரணம் வெளிச்சம்! பகல் சுருங்கச் சுருங்க, கண் வழியாக மூளைக்குச் சேதி போகிறது. மெலடோனின் சுரப்பு நீள்கிறது. 'பழசை உதிர், புதுசைப் போடு' என்று தோலுக்கு உத்தரவு வருகிறது. ஷோ குதிரை வளர்ப்பவர்கள் இந்த ரகசியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சூரியன் சாயும் முன்பே லாயத்தில் விளக்கைப் போட்டு, நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு என்று கணக்கு வைக்கிறார்கள். வெளியே பனி விழும். உள்ளே குதிரை கோடைகால மினுமினுப்போடு தீனி தின்றுகொண்டிருக்கும்!

இத்தனை பாடு எதற்கு? பிரிட்டனில் 1949-ல் தொடங்கிய 'ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோ' என்ற குதிரைப் போட்டி இப்போது பர்மிங்காமில் நடக்கிறது. எந்த மாதத்தில்? அக்டோபரில்! குளிர்கால மயிர் எட்டிப்பார்க்கும் அதே நேரத்தில். பட்டுப்போல உடம்பு வேண்டுமென்றால் ஒன்று விளக்கு, இல்லையென்றால் மயிர் வழிக்கும் கிளிப்பர்.

மயிரை வழிப்பது வெறும் அழகுக்காக இல்லை என்பதும் தெரியுமா? குதிரைக்கும் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்கும். அந்த வியர்வையில் 'லாதெரின்' என்ற புரதம் இருக்கிறது. கிட்டத்தட்ட சோப்பு! எண்ணெய்ப் பசையுள்ள மயிரை நனைத்துக்கொண்டு, வியர்வையைத் தோலிலிருந்து மயிர் நுனி வரை அதுதான் இழுத்து வருகிறது. ஓடிவந்த குதிரையின் தொடையிடுக்கில் வெள்ளை வெள்ளையாக நுரை தெரிகிறதே, அது இதன் வேலை. ஆனால் கம்பளி மயிரோடு வியர்த்தால் காய்வதற்குள் மணிக்கணக்காகிவிடும். ஈரம் குளிராக மாறி உடம்பைப் பிடிக்கும். அதனால்தான் வேலை செய்யும் குதிரைக்கு முடிவெட்டு. வெட்டிய பிறகு அதற்குக் கம்பளி போர்த்துவதும் நம் பொறுப்பு. அதன் சட்டையைக் கழற்றியது நாம்தானே!

முடிவெட்டிலும் எத்தனை தினுசு! வண்டிக் குதிரையின் இழுவார் பட்டை ஓடும் இடத்தை ஒட்டிக் கீழ்ப்பக்கம் மட்டும் வழித்தால் 'டிரேஸ் கிளிப்'. வேட்டைக் குதிரைக்கு உடம்பு முழுக்க வழித்து, முள் குத்தாமலிருக்கக் கால் மயிரையும், சேணம் உரசாமலிருக்க முதுகில் ஒரு திட்டையும் விட்டால் 'ஹண்டர் கிளிப்'. அந்தத் திட்டை எப்படி வரைகிறார்கள்? சேணத்தையே தூக்கி முதுகில் வைத்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுவிடுகிறார்கள்! தையற்காரர் அளவுச் சட்டையை வைத்துத் துணி வெட்டுவது போல.

கிளிப்பரை மயிர் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகத்தான் ஓட்ட வேண்டும். விலாவுக்கும் தொடைக்கும் நடுவே மயிர் சுழி போட்டுத் திசை மாறும். அங்கே கையும் கூடவே வளைந்து திரும்ப வேண்டும், இல்லையென்றால் திட்டுத்திட்டாக நிற்கும். குதிரையைக் குளிப்பாட்டிக் காயவைக்காமல் இறங்கினால் அழுக்கில் பிளேடு திக்கி, உழுத வயல் மாதிரி கோடு கோடாக விழும். பிளேடு சுடுகிறதா என்று புறங்கையில் அடிக்கடி வைத்துப் பார்ப்பார்கள், எண்ணெய் விடுவார்கள். கடைசியில் தரையில் இன்னொரு குதிரைக்குப் போதுமான மயிர் கிடக்கும்! எல்லாம் முடிந்து பார்த்தால் குதிரையின் நிறமே மாறியிருக்கும். ஆழ்ந்த நிறம் மயிரின் நுனியில்தான் தங்கியிருக்கிறது. நுனி போனால் பளபளத்த செம்பழுப்புக் குதிரைகூட எலி நிறத்தில் நிற்கும். அதனால் போட்டிக்கு முந்தின நாள் கிளிப்பரைக் கையில் எடுப்பவர் துணிச்சல்காரர், அல்லது புதுசு. விவரமானவர்கள் ஒன்றிரண்டு வாரம் முன்பே முடித்துவிடுவார்கள்.

அந்தக் கிளிப்பருக்கு ஒரு வம்சாவளி! 1897-ல் அமெரிக்காவில் 'சிகாகோ ஃபிளெக்ஸிபிள் ஷாஃப்ட்' என்று ஒரு கம்பெனி குதிரைக்கும் ஆட்டுக்கும் மயிர் கத்தரிக்கும் கருவி செய்ய ஆரம்பித்தது. அதே கம்பெனிதான் 1930-ல் கேக் மாவு அடிக்கும் 'மிக்ஸ்மாஸ்டரை' விற்றது. பிற்பாடு பெயரையே 'சன்பீம்' என்று மாற்றிக்கொண்டது. லாயத்திலிருந்து நேரே சமையலறைக்கு!

சமையலறை என்றதும் நினைவு வருகிறது. குதிரையின் தோலில் வட்ட வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்பும் பல் வைத்த ரப்பர் தகட்டுக்கு ஆங்கிலத்தில் 'கர்ரி கோம்' என்று பெயர். நம் கறியா? இல்லவே இல்லை! சாப்பிடும் கர்ரிதான் நம்முடையது. இந்தக் கர்ரி 'தயார்ப்படுத்து' என்ற பழைய பிரெஞ்சுச் சொல். 14-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் 'ரோமான் தெ ஃபோவெல்' என்று ஒரு நையாண்டிக் காவியம். ஃபோவெல் ஒரு அயோக்கியக் குதிரை; ராஜாவும் பாதிரியாரும் போட்டி போட்டு அதற்குத் தேய்த்துவிடுகிறார்கள். 'ஃபோவெலுக்குத் தேய்ப்பது' திரிந்துதான் ஆங்கிலத்தில் 'கர்ரி ஃபேவர்' ஆனது. நாம் காக்கா பிடிக்கிறோம், அவர்கள் குதிரை தேய்த்திருக்கிறார்கள்!

போட்டிக் களத்துக்குள் நுழைந்தால் கண்கட்டு வித்தைதான். குதிரையின் பிருஷ்டத்தில் சதுரங்கக் கட்டம் போட்டிருக்கும். பெயின்ட் இல்லை, சாயம் இல்லை! ஈரப் பிரஷால் மயிரைப் படியவைத்து, சின்னச் சீப்பால் சதுரம் சதுரமாகக் குறுக்கே சீவினால் போதும், வெளிச்சம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். குட்டைக் கழுத்தா? பிடரியில் சின்னச் சின்னதாக நிறையப் பின்னல் போடு, நீளமாகத் தெரியும். நெட்டைக் கழுத்தா? குறைவாக, குண்டாகப் போடு. சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தால் கண்ணாடி போல மின்னும். ஆனால் சேணம் உட்காரும் இடத்தில் அடித்தால் சேணமும் வழுக்கும், ஏறியவரும் வழுக்குவார்! கால்களில் மயிர்க்குஞ்சம் தொங்கும் ஷையர் குதிரைகளுக்கு என்ன பவுடர் தெரியுமா? மெல்லிய மரத்தூள்! ஈரத்தை உறிஞ்சி வெள்ளையைப் பஞ்சாகக் காட்டும்.

நார்வேயின் ஃபியோர்டு குதிரையின் பிடரியில் நடுவே கறுப்பு, இருபுறமும் வெள்ளை. வெள்ளையைச் சற்றுக் குட்டையாக வெட்டி, கறுப்பைக் கோடு போல எழுப்பி நிறுத்துவார்கள், பிறைநிலா வடிவில்! பிரிட்டனின் எக்ஸ்மூர் மட்டக்குதிரைக்கோ பின்னலே கூடாது, இயற்கையாகத்தான் வர வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான்.

கடைசியாக மீசை. குதிரையால் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பதைப் பார்க்க முடியாது, தெரியுமா? வாய்க்கருகே கிடப்பது புல்லா முள்ளா என்று தொட்டுச் சொல்வது மோவாயில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முரட்டு மயிர்கள்தான். ஒவ்வொன்றின் வேரிலும் நரம்புப் பின்னல் இருக்கிறது. முகம் வழவழப்பாகத் தெரிய வேண்டுமென்று காலங்காலமாக அதையும் சிரைத்துத் தள்ளினார்கள். ஜெர்மனி முதலில் சட்டத்தால் தடுத்தது. 2021 ஜூலை 1 முதல் உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளிலும் தடை: கால்நடை மருத்துவர் எடுத்திருந்தால் தவிர, மீசை வழித்த குதிரைக்குக் களத்தில் இடமில்லை. பிடரியைப் பின்னலாம், தொடையில் கட்டம் போடலாம், குளம்புக்கு எண்ணெய் பூசலாம். மீசையில் கை வைத்தால் வந்த வழியே லாரியில் ஏற வேண்டியதுதான்!